அளவு ப்ளவுஸ்

அத்தியாயம் 11

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக நடந்துகொண்டிருந்த பேச்சு, சனிக்கிழமை காலை காபி டம்ளரோடு மறுபடி ஆரம்பித்தது.

திருக்கழுக்குன்றத்தில் செங்கம்மாளை லேடீஸ் டெய்லர் என்று எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் அவளைத் தெரிந்தவர்கள் உண்டு என்பதுதான் புதுச் செய்தி. அவள் ப்ளவுஸ் வெட்டுவதை மகன் வாசுதேவன் ஞாயிறுதோறும் வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறான். ஒன்றரை வருஷமாகிறது. மருமகள் கவியா வெளிச்சம் விழுவதற்காக ஒரு தெர்மகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கழுத்துப் பட்டி ஏன் சுருங்குகிறது, கையிடுக்கு ஏன் இழுக்கிறது என்று எங்கெங்கோ இருந்து பெண்கள் எழுதிக் கேட்கிறார்கள். செங்கம்மாள் வாயால் சொல்லச் சொல்ல கவியா பதில் எழுதுவாள். இதில் இதுவரை பைசா வரவில்லை.

அப்போதுதான் வைஷாலி வந்தாள். சென்னையில் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் வேலை. சின்னச் சின்ன வீடியோக்காரர்களை ஒரு குடையின் கீழ் சேர்த்து, விளம்பரம் பிடித்து, வருவதில் பங்கு கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். தனி ஆள் விளம்பரம் கேட்டு எழுதிப் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், கம்பெனி மூலமாகப் போனால்தான் காசு என்று அவள் சொன்னாள். மூன்று வருஷ ஒப்பந்தம். நாளை, ஞாயிற்றுக்கிழமை, காகிதங்களோடு வருகிறாள்.

வாசுவுக்குச் சேர வேண்டும். செங்கம்மாளுக்கும் சேர வேண்டும், ஆனால் காரணம் வேறு. அவளுடைய வீடியோக்களை எவனோ எடுத்து, அவள் பேச்சுக்கு மேல் சினிமாப் பாட்டை ஓடவிட்டு, தன் பேரில் போட்டுக்கொண்டிருந்தான். தன் கை துணி வெட்டுவதைப் பாட்டோடு பார்த்த அன்று அவள் சாப்பிடவில்லை. வைஷாலி ஒரே நாளில் அதில் ஒன்றை நீக்கிக் காட்டினாள். இது சும்மா மாதிரிக்குத்தான், சேர்ந்தால் மொத்தத்தையும் துடைத்துவிடலாம் என்றாள்.

கவியா மட்டும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா? ஏன் பிடிக்காமல் போக வேண்டும் என்றான் வாசு. அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

"ஒரு புடவ எடுக்கவே நாலு கடை ஏறி எறங்கறோம். இதுல ஏற்கெனவே சேந்தவங்க ஒருத்தரையாச்சும் கேக்க வேணாமா?" என்றாள் கவியா.

"போய்க் கேட்டுகினு வா. நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?" என்றான் வாசு, தலையைத் தூக்காமல். இரண்டு நாளாகவே அவன் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் வேலை அதிகம் போல என்று கவியா நினைத்துக்கொண்டாள்.

மகாபலிபுரத்தில் ஷபானா என்று ஒரு பெண் மருதாணி வீடியோ போடுகிறாள். அதே கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவியா அவளுக்கு எழுதி நம்பர் வாங்கியிருந்தாள். டிபன் முடித்ததும் பஸ் ஏறிவிட்டாள். வாசு வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று வெளியே போனான்.

செங்கம்மாள் மெஷின் முன் உட்கார்ந்து, பெடலில் கால் வைத்த நேரத்தில் சரோஜா வந்தாள்.

சரோஜாவுக்குக் கல்பாக்கம் டவுன்ஷிப். கணவருக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், டவுன்ஷிப்பில் இத்தனை டெய்லர் இருந்தும் பதினைந்து வருஷமாக பஸ் ஏறி இங்கேதான் தைக்க வருகிறாள். வழக்கமாகத் தெருமுனையிலேயே பேச ஆரம்பித்து, பேசிக்கொண்டே உள்ளே வந்து, பானையில் தானே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத்தான் உட்காருவாள். இன்று வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"திரிபுராவோட அளவு ப்ளவுஸக் குடு, செங்கம்மா."

செங்கம்மாளுக்குக் கால் பெடலிலேயே நின்றுவிட்டது.

டெய்லரோடு சண்டை போடப் பெண்களுக்கு ஆயிரம் வழி உண்டு. கை இறுக்கம் என்று வீசி எறியலாம், துணியைக் குறைத்துவிட்டாய் என்று தெருவுக்குக் கேட்கிறமாதிரி கத்தலாம். அடுத்த தீபாவளிக்கு அதே டெய்லரிடம் வந்து நிற்கலாம். ஆனால் அளவு ப்ளவுஸைத் திரும்பக் கேட்டால் அது சண்டை இல்லை. இனி வர மாட்டேன் என்று அர்த்தம்.

"இன்னா ஆச்சு சரோஜாம்மா? நிச்சயதார்த்த ப்ளவுஸு சரியா அமையலியா?"

"அதெல்லாம் நல்லா அமைஞ்சுது. அதான் ஊரே பாத்துருக்கே."

பிறகு அவளே சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவள்போலச் சொன்னாள்.

சரோஜாவின் மகள் திரிபுரசுந்தரி சின்ன வயசில் ஸ்கூல் ஊஞ்சலிலிருந்து விழுந்தவள். கழுத்தெலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது. வலது தோள் இடதைவிட அரை இஞ்ச் இறக்கம். வேறு எந்தக் குறையும் இல்லை. பாவாடை சட்டைக் காலத்திலிருந்து செங்கம்மாள்தான் அவளுக்குத் தைக்கிறாள். வலது தோளில் லைனிங்கை ஒரு மடிப்பு கூட்டி வைத்து, கழுத்து வெட்டை ஒரு நூல் அளவு நகர்த்தி, பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு தோளும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி செய்துவிடுவாள். காலேஜில் கூடப் படித்தவர்களுக்குக்கூடத் தெரியாது.

போன மாசம் திரிபுராவுக்கு நிச்சயமானது. நிச்சயப் புடவை வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது. காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்த கத்தரிப்பூ நிறப் பட்டு, இரட்டை மாங்காய் போட்ட பார்டர். அதே புடவையில் சேர்ந்து வந்த ப்ளவுஸ் துணியைத்தான் செங்கம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமரா முன்னால் விரித்து வெட்டினாள். ஏற்ற இறக்கமான தோளுக்கு எப்படி வெட்டுவது என்று ரொம்பப் பேர் கேட்டிருந்தார்கள். பேர் சொல்லவில்லை, முகம் காட்டவில்லை. அது போதும் என்று நினைத்தாள். பக்கத்தில் அளவு ப்ளவுஸை விரித்து வைத்து, வலது தோளைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்: இந்தப் பொண்ணுக்கு இந்தத் தோளு அரை இஞ்ச் எறக்கம், அளவு எடுக்கும்போதே நீங்க கண்ணால பாத்துக்கணும், வாயத் தொறந்து கேக்கக் கூடாது, கேட்டா அதுக்கு மனசு கஷ்டப்படும்.

சிங்கப்பூரில் மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி இருக்கிறாள். புடவை எடுக்கும்போது காஞ்சிபுரம் கடையில் கூட இருந்தவள். அவள் ப்ளவுஸ் தைக்கப் பழகுகிறாள். வீடியோவில் அந்த பார்டரைப் பார்த்தாள். அக்காவுக்கு போன் போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஞானம்பாள் நேற்று சரோஜாவை போனில் கூப்பிட்டாளாம். கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம்.

"நாங்க மறைக்கணும்னு மறைக்கல, செங்கம்மா. வீட்ல அது ஒரு விஷயமாவே யாருக்கும் தோணல. இப்ப மறைச்ச மாதிரி ஆயிட்டு."

செங்கம்மாள் எழுந்து பீரோவைத் திறந்தாள். வாடிக்கைக்காரர்களின் அளவு ப்ளவுஸ்கள் அங்கேதான் பெயர் வாரியாக அடுக்கியிருக்கும். திரிபுராவுடையது அங்கே இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது. மூலையில் இருந்த வாசுவின் கேமராப் பையைத் திறந்தாள். ஒயரும் பேட்டரியும் கிடந்த இடத்தில் அது சுருட்டிக் கிடந்தது. தெர்மகோல் தூள் ஒட்டியிருந்தது.

சரோஜா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

தூளைத் தட்டி, கொக்கிகளை மாட்டி, மடித்துக் கொடுத்தாள் செங்கம்மாள். முகூர்த்தப் புடவையின் ப்ளவுஸ் துணியும் இன்னும் வெட்டாமல் இருந்தது. கேட்பதற்கு முன்பே அதையும் எடுத்து மேலே வைத்தாள்.

"சரோஜாம்மா. சாயந்திரம் நீ விளக்கு வெக்கறதுக்குள்ள அந்த வீடியோ இருக்காது. அத்த நான் எட்த்துடறேன்."

"பாப்போம்" என்றாள் சரோஜா. தண்ணீர் குடிக்காமலே போனாள்.

மகாபலிபுரத்தில் ஷபானாவின் கடை, சிலைக் கடைகளுக்கு நடுவே ஒரு அறை. உளிச் சத்தம் காதைக் குடையும். சிற்பிகள் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரத்தில்தான் அவள் அண்ணன் வீடியோ எடுப்பானாம். கவியா போனபோது ஷபானா ஒரு பிரெஞ்சுக்காரியின் கையில் மருதாணிக் கொடி வரைந்துகொண்டிருந்தாள். வரைந்துகொண்டே பேசினாள். நல்லதை முதலில் சொன்னாள். சேர்ந்த பிறகு பார்க்கிறவர்கள் நாலு மடங்கு ஆனார்கள். வரைந்து முடித்த கையை முதலிலேயே காட்டு என்று சொல்லிக்கொடுத்ததே கம்பெனிதான். நல்ல விளக்கு இரண்டு கொடுத்தார்கள். திருடிப் போடுகிறவர்களை உடனே தூக்கிவிடுகிறார்கள். பணமும் தாமதமாக வந்தாலும் வருகிறது.

அப்புறம் மற்றதைச் சொன்னாள். அவளுடைய சின்னம்மா மகள் கல்யாணத்துக்கு மருதாணி போட்டதை ஒரு வீடியோவாகப் போட்டிருந்தாள். கொடிகளுக்கு நடுவே மாப்பிள்ளை பெயரை ஒளித்து வரைந்து, எங்கே இருக்கிறது கண்டுபிடியுங்கள் என்று கேட்ட வீடியோ. அதுதான் அவளுடையதிலேயே அதிகம் பேர் பார்த்தது. அந்தக் கல்யாணம் ஆறு மாசம்கூட நிற்கவில்லை. வீடியோவை எடுத்துவிடு அக்கா என்று அந்தப் பெண் வந்து அழுதாள். கம்பெனி முடியாது என்றது. ஒப்பந்தம் முடிகிறவரை இருக்கும் என்றது. ரொம்ப மன்றாடியதில் தலைப்பை மட்டும் மாற்றினார்கள்.

"இப்பவும் யாராச்சும் ஒருத்தர் தெனம் அதுல எழுதறாங்க, பேரக் கண்டுபுடிச்சிட்டேன்னு" என்றாள் ஷபானா.

சேர்ந்தது லாபமா நஷ்டமா என்று கவியா கேட்டாள்.

"வாடகைக்கு விட்ட வூடு மாரி. வாடகை வருது. ஆனா நம்ம வூட்டுக்குள்ள போவ நாமளே கதவத் தட்டணும்." மருதாணிக் கோனை மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு தெரிஞ்சிக்க. கம்ப்யூட்டர்ல ஒத்துக்கறேன்னு அமுத்தனது எங்க அண்ணன். ஆனா கை என்னுது. வீடியோவுல தெரியற ஆளு தனியா கையெழுத்து போட்டாத்தான் அவங்க விளம்பரம் ஓட்ட முடியும். போடற வரைக்கும் நாம சொல்றத அவங்க கேப்பாங்க. போட்டப்புறம் அவங்க சொல்றத நாம கேக்கணும்."

பிரெஞ்சுக்காரி கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். கவியா பஸ் பிடித்தாள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது செங்கம்மாள் சோறு வடித்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வாசு வண்டியோடு அப்போதுதான் வந்திருந்தான். சரோஜா வந்த கதையைச் செங்கம்மாள் சொன்னாள். ஷபானா சொன்ன கதையைக் கவியா சொன்னாள். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து நின்றன.

"முதல்ல அந்த வீடியோவ எடு, நைனா. மத்தத அப்பறம் பேசிக்கலாம்" என்றாள் செங்கம்மாள்.

இந்நேரம் கரன்ட் இருக்காது என்றான் வாசு. வீட்டில் இன்டர்நெட் கிடையாது, பக்தவத்சலத்தின் பிரௌசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும், அவன் சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவான் என்றான். எடுக்க வேண்டாம், தலைப்பை மாற்றினால் போதும் என்றான். ஒரு வாரம் போனால் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றான்.

செங்கம்மாள் அவனையே பார்த்தாள். சாக்குச் சொல்கிற வாடிக்கைக்காரர்களையும், சாக்குச் சொல்லித் துணியைத் தாமதிக்கிற டெய்லர்களையும் முப்பது வருஷமாகப் பார்த்தவள்.

"செருப்பப் போடு. நானும் வரேன்."

கவியாவும் கூட வந்தாள். சங்குத் தீர்த்தக் குளக்கரையோடு மூவரும் நடந்தார்கள். பக்தவத்சலம் தூங்கவில்லை, கடை திறந்துதான் இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, நேர்லயே வந்துட்ட? உன் வீடியோவ இங்க குந்தி பாக்கறவளுங்களே நாலு பேரு கீறாங்க. எனக்கு எதனா கமிஷன் உண்டா?" என்றான் பக்தவத்சலம்.

செங்கம்மாள் சிரிக்கவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு, பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

வாசு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். பக்கம் மெதுவாகத் திறந்தது. செங்கம்மாளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியது தமிழில் இருந்தது. கத்தரிப்பூ நிறத் துணி எல்லாவற்றுக்கும் மேலே, முதலாவதாக இருந்தது. நேற்று வரை 'தோள் வெட்டும் முறை' என்று இருந்த தலைப்பு மாறியிருந்தது. 'தோள் கோணலான பெண்களுக்கு ரகசிய வெட்டு' என்று இருந்தது. பார்த்தவர் கணக்கும் நேற்றையதுபோல் இல்லை.

"யாரு மாத்தினது?" என்றாள் கவியா.

வாசு ஒரு இடத்தில் அழுத்தினான். திரும்ப அழுத்தினான். நீக்குகிற இடம் மங்கலாக இருந்தது. அனுமதி இல்லை என்று ஒரு வரி வந்தது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"நேத்து சாயந்திரமே சேந்துட்டேம்மா."

வாசு மீதியையும் சொன்னான். வியாழக்கிழமை ஆபீஸில் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் கம்பெனிக்கு வேலை கொடுத்த அமெரிக்க பாங்க் ஆட்டம் கண்டதிலிருந்து அவனுடைய புராஜெக்ட் இழுத்துக்கொண்டிருந்தது, இப்போது மூடிவிட்டார்கள். இந்த மாசத்தோடு சரி. வெள்ளிக்கிழமை வைஷாலி போன் பண்ணி, இப்போதே ஒத்துக்கொண்டால் இந்த மாசக் கணக்கிலேயே சேர்க்கலாம் என்றாள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஒத்துக்கொண்டான். அம்மாதான் சேரலாம் என்கிறாளே, ஒரு நாள் முன்னால் என்ன என்று நினைத்தான்.

கவியா ஸ்டூலை விட்டு எழுந்தாள். வேலை விஷயம் அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது.

"வேல போனத எங்கிட்ட சொல்லல. சேந்தத அத்தகிட்ட சொல்லல. வேற எதனா கீதா? இருந்தா இங்கியே சொல்லிடுங்க. வீட்டுக்குப் போய் ஒண்ணொண்ணா வேணாம்."

"அவ்ளோதான்" என்றான் வாசு.

செங்கம்மாள் மகனைத் திட்டவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் கை, வெட்டுவதற்கு முன் துணியைத் தடவி மடிப்பு எடுத்த நிலையில் நின்றிருந்தது.

"கவியா, அந்த மருதாணிப் பொண்ணு இன்னா சொல்லிச்சி? வீடியோவுல தெரியற ஆளு கையெழுத்து போட்டாத்தான்னு தானே?"

"ஆமா அத்த."

"நான் இன்னும் போடலியே. அந்தப் பொண்ணுக்கு போன் போடு. எல்லாருக்கும் கேக்கறாப்ல போடு."

வைஷாலி முதல் மணியிலேயே எடுத்தாள். குரலில் சந்தோஷம். நாளைக்கு வருகிறபோது எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கி வருகிறேன் என்றாள். செங்கம்மாள் ஸ்வீட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விஷயத்தைச் சொன்னாள். யாருடைய துணி, எப்படித் தெரிந்தது, யார் வீட்டில் என்ன பேச்சு என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

வைஷாலி பொறுமையாகக் கேட்டாள். அவள் கெட்ட பெண் இல்லை. ஆனால் அவளுக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். அந்த வீடியோதான் இப்போது நன்றாகப் போகிறது என்றாள். சென்னையில் ஒரு துணிக்கடை அதற்கு முன்னால் தங்கள் விளம்பரம் ஓட வேண்டும் என்று இன்றைக்குக் காலையில்தான் கேட்டிருக்கிறார்கள், அதுவே உங்களுக்கு நல்ல ஆரம்பம் என்றாள். ஒரு மூன்று மாசம் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

"முகமும் இல்ல, பேரும் இல்லம்மா. யாருக்கு என்ன தெரியப் போகுது?" என்றாள்.

"நானும் அப்டித்தான் நெனச்சேன். துணி தெரிஞ்சிடுச்சே."

தலைப்பை வேண்டுமானால் மாற்றுகிறேன் என்றாள் வைஷாலி. எடுக்கிற உரிமை யாருக்கும் கொடுப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே அக்ரிமென்ட்தான் என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே அளவுல தெச்சா யாருக்கும்மா சேரும்?" என்றாள் செங்கம்மாள். "நான் உன் கம்பெனிய வேணாம்னு சொல்லல. என் வீடியோவ திருடறவன நீதான் புடிக்கணும். விளம்பரம் போடு, பங்கு எட்த்துக்க. எம் புள்ளைக்கும் இப்ப அது வேணும். ஆனா என் மேஜை மேல வர்ற துணி எதுவும் என்னுது கெடையாது. குடுத்தவங்க திரும்பக் கேட்டா நான் குடுத்துடணும். அத்த எழுதிக் குடு, நான் கையெழுத்து போடறேன்."

"மேல கேட்டுட்டுச் சொல்றேம்மா."

"கேளு. மொதல்ல அந்த வீடியோ போவட்டும். போச்சின்னா நாளைக்கி வா. போவலன்னா பெட்ரோலு செலவு பண்ணிகினு வராத."

அவர்கள் கிளம்பும்போது பக்தவத்சலம் காசு வாங்கவில்லை. போய் வா டீச்சரம்மா என்றான்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இனி காத்திருக்க வேண்டியதுதான் என்று வாசு நினைத்தான். வீட்டு வாசலுக்கு வந்ததும் செங்கம்மாள் அவன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"டவுன்ஷிப்புக்கு வுடு."

போன் வந்த பிறகு போகலாமே, இப்போது போய் என்ன சொல்வது என்று கேட்டான். எடுக்க முடியவில்லை என்று சொல்வது என்றாள். விளக்கு வைப்பதற்குள் என்று நேரம் குறித்துத் துணி கொடுக்க முடியாவிட்டால், அந்த நேரத்துக்கு நேரில் போய் நின்று சொல்லிவிட வேண்டும். அவள் எத்தனையோ தீபாவளிகளில் அப்படி நின்றிருக்கிறாள். கவியா வீட்டுக்குள் போய்விட, இருவரும் சதுரங்கப்பட்டினம் ரோட்டில் திரும்பினார்கள். வழியெல்லாம் கடல் காற்று முகத்தில் அடித்தது. வாசு இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரோட்டப் பாரு என்றாள் அம்மா.

சரோஜாவின் குவார்ட்டர்ஸ் வாசலில் அவர்களுக்குத் தெரியாத ஒரு கார் நின்றிருந்தது. படியில் புதுச் செருப்புகள்.

கதவைத் திறந்தது திரிபுரா. கையில் தீப்பெட்டி. பூஜை அலமாரியில் விளக்கு எண்ணெயும் திரியுமாகத் தயாராக இருந்தது. அக்கா என்று கூப்பிட்டாள், எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே. வீட்டில் போட்டுக்கொள்கிற பழைய சுடிதாரில் இருந்தாள். செங்கம்மாள் தைத்தது அல்ல, ரெடிமேட். வலது தோள் இறக்கம் நன்றாகவே தெரிந்தது. அவள் அதை மறைக்க எதுவும் செய்யவில்லை.

உள்ளே சோபாவில் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிரில் டீப்பாயின் மேல், காலையில் செங்கம்மாள் திருப்பிக் கொடுத்த முகூர்த்தத் துணி, கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது. சரோஜா எழுந்தாள். யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஞானம்பாள் செங்கம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். வீடியோவில் வருவது கைதான்.

"நீங்கதானா?"

"நான்தாம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இவங்க எதையும் மறைக்கல. மறைச்சது நானு. சின்னப் புள்ளையா இருக்கும்போதுலருந்து நான்தான் மறைச்சி மறைச்சி தெச்சிகினு வந்தேன். அப்பறம் நானே ஊருக்குச் சொல்லிட்டேன். இந்தப் பொண்ணு தோள்ல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் வாயில."

ஞானம்பாள் திரிபுராவைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள்.

"அந்த வீடியோ இப்ப இருக்கா, இல்லையா?"

"கீதும்மா. விளக்கு வெக்கறதுக்குள்ள எட்த்துடறேன்னு காலையில சொன்னேன். என்னால முடியல."

சரோஜா கண்ணை மூடிக்கொண்டாள். திரிபுரா எடுத்த தீக்குச்சியை உரசாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

வாசுவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். வைஷாலி. அவன் வெளியே போய்ப் பேசலாம் என்று வாசல் பக்கம் திரும்பினான்.

"எங்க போற?" என்றாள் செங்கம்மாள், திரும்பிப் பார்க்காமலே. "இங்கியே எடு. இவங்க எல்லாருக்கும் கேக்கறாப்ல போடு."